துரைராசுவுக்கு இன்னொரு வாய்தா

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை இல்லை. நன்கொடை கேட்கும் புத்தகத்தில் பக்கம் நிரப்புவதற்காக எழுதியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பிறகு நடந்ததைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

குத்தாலத்தில் ஒரு சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களின் சிவில் வழக்குகளை இலவசமாக நடத்துவார்கள். புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, அந்த வழக்குகளிலேயே தொழில் பழக்குவார்கள். கொலை, கொள்ளை என்று சுவாரசியமாக எதுவும் கிடையாது. வீட்டு மனை, வாரிசு, ஜீவனாம்சம், வரப்புத் தகராறு, இவ்வளவுதான். நடத்துபவர் வக்கீல் ஃபஹ்மிதா. வாய்தா என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முகம் சிவந்துவிடும்.

"சார், வருஷ அறிக்கைக்கு ஒரு உண்மைக் கதை வேணும். படிக்கிறவங்களுக்கு மனசு எளகணும். ஆனா யாரு என்னன்னு தெரியக் கூடாது. பேரு, ஊரு, குடும்பம், எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார்.

அது அங்கே கறாரான வழக்கம். கட்சிக்காரரின் கஷ்டத்தை அடையாளத்தோடு வெளியே சொல்ல மாட்டார்கள். அவர் சொன்ன உண்மை வழக்கில் ஒரு பெண்ணும் அவள் கணவனும் தங்கள் குடியிருப்பு மனையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நான் எல்லாவற்றையும் மாற்றினேன். எனக்குச் சொன்ன வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன், சத்தியமாக.

2.

தொடக்கங்கள்:

காவிரி கரைபுரண்டு ஓடிய அன்று பிரகதாம்பாள்

(வேண்டாம். டெல்டா என்றாலே காவிரியைக் கரைபுரள விட்டுவிடுகிறார்கள். அது பாவம், வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிறது.)

அமீனா வந்து நின்றபோது பிரகதாம்பாள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. அமீனா என்றால் கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வீட்டு வாசலுக்கே வரும் ஊழியர். பிரகதாம்பாள் என்ற பெயர் இந்தக் காலத்தில் யாருக்கும் இருக்காது என்று வைத்தேன். ஊர் நாணல்குடி. அப்படி ஓர் ஊர் வரைபடத்தில் இல்லை என்று தேடிப் பார்த்த பிறகே எழுதினேன்.

கணவன் துரைராசுவிடம்தான் மாட்டிக்கொண்டேன். முதல் வரைவில் அவன் தை மாதம் குடித்துவிட்டு, மனையைக் காலி செய்து தருவதாக நிலத்துக்காரரின் பவர் ஏஜெண்ட் அறிவுச்செல்வனிடம் கைநாட்டு வைத்தான். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே கடுப்பாக இருந்தது. கதையில் ஏழை என்றால் குடிக்கத்தான் வேண்டுமா? அழித்தேன். இரண்டாவது வரைவில் அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே மோட்டார் கொட்டகையில் மின்சாரம் பாய்ந்து செத்தான். அதுவும் ஒட்டவில்லை. மூன்றாவதில், அதே ஐப்பசியில், ஆற்றோடு போனான், உடல் கிடைக்கவில்லை. அச்சில் வந்தது அதுதான். விதவை என்றால் நன்கொடை கொஞ்சம் கூடுதலாக வரும் என்று நான் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்!

முடிவு? வழக்கு நடந்துகொண்டிருப்பதாக விட்டுவிட்டேன். பக்கம் தீர்ந்துபோயிற்று.

3.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. இலவச ஆலோசனை முகாம். அச்சான அறிக்கையில் எனக்கான பிரதிகளை வாங்கிக்கொண்டு ஃபஹ்மிதாவின் மேசைக்கருகில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் எதிரே வந்து அமர்ந்தாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"பிரகதாம்பாள்ங்க. ஊரு நாணல்குடி."

நான் சிரித்துவிட்டேன். என்னை வம்புக்கிழுக்க ஃபஹ்மிதா யாரையோ பேசிவைத்துக் கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் பேனா அந்தரத்தில் நின்றது.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"அத ஏன் கேக்குறீங்க? ரெண்டு தடவ செத்துட்டாரு. மொதல்ல மோட்டார் கொட்டாயில கரண்ட்டு அடிச்சுது. பெறவு அது இல்லன்னு ஆயி, ஆத்தோட போயிட்டாரு. பிராதுல ஒண்ணு இருக்கு, நான் கூண்டுல ஏறுனா வாயில இன்னொண்ணு வருது. எது நெசம்னு ஜட்ஜு கேக்குறாரு. அந்த ஏஜெண்ட்டோ, செத்தவன் எப்புடி தையில கைநாட்டு வெச்சான்னு சிரிக்கிறான்."

மோட்டார் கொட்டகைச் சாவை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணினியில் எழுதி அன்றைக்கே அழித்தது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான சார்?" என்றாள்.

4.

(இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியர் பேயா, பிரமையா என்று உங்களைக் குழப்புவார். எனக்கு அந்தத் திறமை கிடையாது. ஃபஹ்மிதா சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன், உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.)

"சார், என்கிட்ட வர்ற மனை கேஸ்ல பாதி இதே கதைதான். நீங்க என்னமோ புதுசா கண்டுபுடிச்ச மாதிரி பேசாதீங்க. பேரு, சாமி பேரு, வெச்சிருப்பாங்க. ஊரா? இந்தப் பக்கம் எதோட குடி, நல்லூர், மங்கலம்னு சேத்தாலும் ஒரு ஊரு இருக்கும். கட்சிக்காரங்க பயத்துல மாத்தி மாத்திப் பேசுவாங்க. அதுக்குத்தான நாங்க இருக்கோம்?"

"அப்ப கைநாட்டு?"

"அவர் ஐப்பசியில செத்தது உண்மைன்னா கைநாட்டு பொய். வீடு அந்தம்மாவுக்கு. அவர் உசிரோட இருந்தா கைநாட்டு செல்லும். அமீனா வந்து ஜாமான வெளிய வெப்பாரு. அவ்வளவுதான் சார் கேஸே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க ஒரு தடவ அந்த வீட்டப் பாத்துட்டு வாங்களேன்" என்றார்.

5.

மினிபஸ் கண்டக்டரிடம் நாணல்குடி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வழியாகச் சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "எறங்க வேண்டிய எடம் வந்தா சொல்றேன்" என்றார்.

இறங்கினேன். காலை பத்து மணி தாண்டியும் பனி விலகவில்லை. தெருவில் ஒரே ஒரு வீடுதான் தெரிந்தது, கூரை வீடு. முன்னால் அடுப்பு, பக்கத்தில் அரிசி களைந்த பாத்திரம். நான் கதையில் எழுதியது அந்த வீடும் அடுப்பும் பாத்திரமும் மட்டுந்தான். நான் எழுதாத பக்கமெல்லாம் பனி. வயல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கொக்குகூடக் கத்தவில்லை.

"வாங்க சார்" என்று பிரகதாம்பாள் வெளியே வந்தாள். "உள்ளதான் இருக்காரு. பேசத்தான் மாட்டேங்குறாரு."

உள்ளே ஒரு ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை ஈரமாகியிருந்தது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. இடது கட்டைவிரலில் கைநாட்டு மை. என் மூன்று வரைவுகளும் ஒரே உடம்பில் இருந்தன.

"துரைராசு" என்று கூப்பிட்டேன். திரும்பினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.*

பிரகதாம்பாள் கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். சாப்பிட்டார்.

"சோறு மட்டும் எறங்குது சார். அது போதும் எனக்கு" என்றாள்.

* மூன்று வரைவிலும் அவருக்கு நான் ஒரு வசனம்கூட எழுதவில்லை.

6.

ஊர் திரும்பிய மறுநாளே கணினி முன் உட்கார்ந்தேன். நான் ஆரம்பித்ததை நானே முடித்துவிடுவது என்று தீர்மானம். பட்டப்பகல், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது, பயப்பட என்ன இருக்கிறது?

முடிவு அ: துரைராசு ஐப்பசி வெள்ளத்தில் இறந்தது ஐயமின்றி நிரூபணமாவதால், கைநாட்டு செல்லாது என்று நீதிமன்றம் தீர்மா

போன் அடித்தது. பிரகதாம்பாள்தான்.

"சார், என்ன எழுதுறீங்க? தண்ணி தண்ணியா கக்குறாரு! மூச்சு வாங்குது! நிறுத்துங்க சார், ஒங்க கால்ல விழுறேன்!"

அழித்தேன். மறுமுனையில் இருமல் மெல்ல அடங்கியது.

முடிவு ஆ: துரைராசு கூண்டில் ஏறி, "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று

போன்.

"சார்." இந்த முறை அவள் கத்தவில்லை. "இவரு எழுந்து நின்னுட்டாரு. எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. வாசல்ல அமீனா வந்து நிக்கிறாரு. ஜாமானையெல்லாம் தூக்கிப் போடச் சொல்றாரு."

"அழிச்சிடவாம்மா?"

பின்னால் ஒரு ஆண்குரல் ஏதோ கேட்டது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"எங்க கொண்டுபோயி உக்கார வெக்கிறது சார் இவர? போக்கிடம் எழுதுனீங்களா எங்களுக்கு? வெளியில பூராவும் பனி."

நான் எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதுகிறேன் என்று, நீடாமங்கலத்தில் அவளுக்கு ஒரு தங்கை இருப்பதாகத் தட்டினேன். போனில் ஒரு பெண்ணின் குரலும் சேர்ந்துகொண்டது. எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று. இனி அந்தத் தங்கைக்கு ஒரு வீடு, ஒரு நிலத்துக்காரர், அவருக்கு ஒரு ஏஜெண்ட், ஒரு வழக்கு. எல்லாவற்றையும் அழித்தேன்.

"சார், நீங்க ஒண்ணும் முடிக்க வேண்டாம்" என்றாள். "வாய்தா வாங்கித் தர முடியுமா? அது இருக்கற வரைக்கும் வீடும் இருக்கு, இவரும் இருக்காரு."

7.

இப்போது ஃபஹ்மிதாவைச் சம்மதிக்க வைத்த காட்சியை எழுத வேண்டும். எழுதவில்லை. அவர் என்னைத் திட்டியது அச்சேறாது. "பத்து வருஷமா வாய்தா வாங்குற வக்கீலுங்களத் திட்டிக்கிட்டு இருக்கேன் சார், இப்ப நானே போயி நிக்கணுமா?" என்பது மட்டும் அச்சேறும். ஆனாலும் நின்றார். கட்சிக்காரர் எதைக் கேட்கிறாரோ அதற்குத்தானே வக்கீல்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபித்தது. அறிவுச்செல்வன் கடைசி வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நான் முகம் எழுதவில்லை. அங்கே எதைப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

நீதிபதி வாதி பக்கம் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையாம்மா?"

பிரகதாம்பாள் வாயைத் திறக்காமல் நின்றாள். வாதி சொல்வதற்கு நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

"சரி. இதுதான் கடைசி வாய்தா. அடுத்த தேதியில தீர்ப்பு" என்றார் நீதிபதி. எழுத்தர் பேனாவை எடுத்துத் தேதி கேட்டார்.

இங்கேதான் நிறுத்தியிருக்கிறேன். நான் எந்தத் தேதியை எழுதினாலும் அந்த நாள் வந்துவிடும். எழுதியதெல்லாம் வருகிறது, பார்த்தீர்கள் அல்லவா? அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்:

அடுத்த வாய்தா:

எழுத்தர் பேனாவோடு காத்திருக்கிறார். நாணல்குடிக்குத் திரும்பி அவள் சோறு பிசைந்துகொண்டிருப்பாள். உங்கள் மனசில் இதற்குள் ஒரு முடிவு வந்திருக்கும், எனக்குத் தெரியும். வீடு மிஞ்சும் என்று நினைத்திருப்பீர்கள், அல்லது அவர் மிஞ்சுவார் என்று. தயவுசெய்து அதை நினைக்காதீர்கள். யாராவது கேட்டால், இந்தக் கதையை இன்னும் படித்து முடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.