கம்மல் உருகும் நேரம்

படப்பையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பாண்டுரங்கன் பத்தருக்குச் செல்போன் புதிதல்ல. ஒரகடத்தில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பையன்களின் ஊர்த் தாலி மாதிரிகளை வாட்ஸ்அப்பில் வாங்கித்தான் செய்து கொடுக்கிறார். ஆனால் தாலிக்குப் பொன் உருக்குவதைப் போனில் காட்டுவது இதுதான் முதல் தடவை.

காரணம் நாச்சியார், அந்தப் பையன்களில் ஒருவனான பேச்சிராஜின் அம்மா. தன் கம்மலை உருக்கித்தான் மருமகளுக்குத் தாலி என்று மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். உருக்கும்போது வந்து நிற்பதாக இருந்தவள் கால் முறிந்து சங்கரன்கோவிலில் படுத்துவிட்டாள்.

"கண்ணால பாக்காம உருக்குன தங்கம் எனக்கு வேண்டாம், ஆசாரி."

பத்தரின் மனைவி பாப்பம்மாள் வீடியோ காலில் நாச்சியாருக்குத் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பேச்சிராஜ் பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எடது கம்மலைக் காட்டுங்க. இவன் பால்பல்லால கடிச்ச தடம் கெடக்கும்."

பத்தர் காட்டினார்.

"கெடக்கு. என்ன கடி கடிச்சிருக்கான் பாருங்க."

"யம்மா, சும்மா இரு."

பத்தர் கம்மல்களை மண் கிண்ணத்தில் இட்டுக் குமுட்டி அடுப்பின் கரி நெருப்பில் வைத்தார். மற்ற நகைக்கெல்லாம் கேஸ். தாலிக்கு மட்டும் ஊதுகுழல். வாயில் வைத்தால் பொன் உருகி ஓடும்வரை எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. அவர் குடும்பத்தில் அப்படித்தான்.

கரி சிவந்தது. கிண்ணமும் சிவந்தது.

"ஏல, ஒண்ணும் தெரியல! ஒரே வெள்ளையாக் கெடக்கு!"

பாப்பம்மாள் போனைத் தள்ளிப் பிடித்தாள். கிட்டே கொண்டுபோனாள். இருட்டுப் பட்டறையில் நெருப்பு மட்டும் திரையை அடைத்துக்கொண்டு வெளுத்தது.

"நிப்பாட்டுங்க ஆசாரி!"

நிறுத்த முடியாது. பதில் சொல்லவும் முடியாது. கம்மலின் ஓரம் இளகத் தொடங்கிவிட்டது. பல் தடம் போய்விட்டால் அப்புறம் அவளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பத்தர் ஊதிக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன்யா மொறைக்கிற? நான் இன்னா பண்றது?"

பேச்சிராஜ் பையைத் துழாவினான். கம்பெனியில் கேஸ் வைத்து இரும்பு அறுக்கும்போது போடும் கரும்பச்சைக் கண்ணாடியை எடுத்துப் போனின் கேமரா மேல் அழுத்தினான்.

திரையில் வெளுப்பு அடங்கியது. பத்தருக்குக் கன்னம் வலித்தது. விடவில்லை.

"யம்மா?"

"பேசாத. கடிச்ச இடம் தெரியுது... கரையுது. ஆசாரி, கரையுது!"

இரண்டு கம்மலும் ஒன்றையொன்று தொட்டு, சுருண்டு, ஒரே துளியாகத் தளதளத்தன. போனிலிருந்து குலவை கிளம்பியது. அங்கே கட்டிலைச் சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்பீக்கர் கரகரத்தது.

பத்தர் குழலை எடுத்தார். சிரிப்புதான் முதலில் வந்தது, மூச்சு பிறகு.

"பச்சையாத் தெரிஞ்சுது," என்றாள் நாச்சியார். "ஆனா எந் தங்கந்தான்."

போனை வைத்ததும் பத்தர் பேச்சிராஜின் முதுகில் தட்டினார்.

"போய்த் தூங்குப்பா. கண்ணாடிய மட்டும் வெச்சிட்டுப் போ."

"நைட்டு வேலைக்கு வேணுமே, பத்தரே."

"அப்ப எனக்கு ஒண்ணு வாங்கியாந்து குடு. அடுத்த மாசம் இன்னொரு பையனோட அம்மாவும் போன்ல பாக்கணும்னு சொல்லிக்கினு கீது."