மலையைத் தூக்கிய படம்

விஜேந்திரன் பதுளைக்குப் போனது படம் பார்க்க அல்ல, கண் கிளினிக்குக்கு. கிளினிக் சீக்கிரமே முடிந்துவிட்டது. வெளியே வந்தால் மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்குத் திரும்ப பண்டாரவளையில் பஸ் மாற வேண்டும். அந்த மழையில் பஸ் ஸ்டாண்ட் வரை நடக்கவும் முடியாது. பக்கத்தில் தியேட்டர் இருந்தது. நனையாமல் உட்கார ஓர் இடம் என்றுதான் உள்ளே போனார்.

படத்தின் பெயர் ‘செவ்வாய் சிங்காரம்’. முடி வெட்டும் சிங்காரம் தவறுதலாகச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய், ஊதாப்பட்டுச் சட்டையும் தங்கநிற பூட்ஸும் போட்டுக்கொண்டு வேற்றுக்கிரகவாசிகளை அடித்து நொறுக்கும் கதை. அடிக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு சட்டை. விஜேந்திரன் பாதி நேரம் தூங்கினார். கடைசியில் வில்லன் ஒரு மலையையே பெயர்த்து ஊர்மேல் போட்டபோது விழித்துக்கொண்டார்.

எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார். கால் வரவில்லை. திரையில் சிங்காரம் தன் விண்கலத்தில் அம்மாவின் சேலையைக் கட்டி, மறுமுனையை மலையில் கட்டி, சட்டி மூடியைத் தூக்குவதுபோல் மலையைத் தூக்கினான். அடியிலிருந்து ஆட்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். முதலில் வந்த கிழவர் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, “டீ இருக்கா?” என்றார். தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. விஜேந்திரனும் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார். கடைசி ஆளாக, வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. ஆனால் நெஞ்சில் கனம் ஏதும் இல்லை. பல வருஷங்களாக இல்லாத ஒரு லேசு.

பல வருஷங்களுக்கு முன் தோட்டத்து மண்சரிவில் லயத்து வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்களில் அவர் மனைவி தனலெட்சுமியும் மகள் கோகிலவாணியும் இருந்தார்கள். அவர் அப்போது தேயிலைப் பெக்டரியில் வேலையில் நின்றார். தனலெட்சுமியைத் தோண்டி எடுத்தார்கள். பள்ளிக்கூடம் போக உடுத்தி நின்ற கோகிலவாணியை எடுக்க முடியவில்லை. சில வாரங்கள் தோண்டிப் பார்த்துவிட்டு மிசின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கிழமையும் அவர் பதுளைக்குப் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். இப்போது கிளினிக் இல்லை.

இதற்குள் தோட்டத்தில் அந்தப் படம் பெரிய சண்டையாகிவிட்டது. இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள்; விசிலடிக்கவே பதுளைக்குப் போய் வந்தார்கள். இன்னொரு பக்கம், செத்தவர்களை வைத்துக் கூத்தடித்திருக்கிறார்கள், படத்தை நிறுத்த வேண்டும் என்று ரமேஸ் ஆரம்பித்தான். அவன் பசறைக்காரன், இந்தத் தோட்டத்தில் பெண் கட்டி வந்தவன், தோட்டத்து மன்றத்துக்குச் செயலாளர். மண்சரிவில் அவன் யாரையும் இழக்கவில்லை. ஆனாலும் அவன் பேச்சில் நெருப்பு இருந்தது. படத்தைப் பார்க்காதவர்களுக்குத்தான் கோபம் அதிகம் வந்தது.

ஒருநாள் காலை, பெரட்டுக் களத்தில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றபோது, ரமேஸ் விஜேந்திரனிடம் வந்தான்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம பதுளையில தியேட்டர் முன்னால ஒக்காரப் போறோம். நீங்கதான் முன்னுக்கு ஒக்காரணும். உங்களப் போல பறிகொடுத்தவங்க யாரு இருக்கா?”

விஜேந்திரன் தலையைச் சொறிந்தார். “நான் அந்தப் படத்தப் பாத்தேன் தம்பி.”

“பாத்துட்டீங்களா? பாத்துட்டு எப்படி சும்மா இருக்கீங்க?”

“நல்ல படந்தானே.”

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். ரமேஸ் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “மலையத் தூக்குற எடத்துல சிரிச்சீங்களா அண்ணே?” என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. “ஆமா, சிரிச்சேன்,” என்றார்.

கொழுந்துக் கூடையோடு நின்ற இராக்கம்மா அதைக் கீழே போட்டாள். தனலெட்சுமியின் தங்கை அவள். அதுவரை அவரை மச்சான் என்றும் நீங்க என்றும் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை.

“எங்கக்கா மண்ணுல கெடந்து செத்தா. அவ பெத்த புள்ள இன்னமும் அந்த மண்ணுக்குள்ள கெடக்கு. நீ சிரிச்சியா? ச்சீ!”

“இராக்கம்மா, அதுல எல்லாரும் உசுரோட வர்றாங்க…”

“வாய மூடு!”

இராக்கம்மாவின் மகள் துஷாந்தினி இதை முழுக்கப் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். பகலுக்குள் அது பேஸ்புக்கில் வந்துவிட்டது. ‘பெத்த மகளின் சாவில் சிரித்த தகப்பன்’ என்று அவளே தலைப்புப் போட்டிருந்தாள். கோகிலவாணியோடு ஒரே வகுப்பில் படித்தவள். விஜேந்திரனைப் பெரியப்பா என்றுதான் அழைப்பாள்.

ஞாயிறு மறியல் மழையில் கரைந்து போனது. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து விஜேந்திரன் தலையில் கொட்டினார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கோயில் பூசையில் அவர் தட்டை ஐயர் கடைசியில்தான் எடுத்தார். அதைவிட மோசம், படத்தை நிறுத்தக் கேட்டவர்களே அந்தப் படத்து வசனத்தை அவர்மேல் எறிந்தார்கள். அவர் கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் கிழவர் குரலில், “டீ இருக்கா?” என்பான். கடையே சிரிக்கும். தேநீர் குடிக்காமலே வெளியே வந்துவிடுவார்.

மண்சரிவின் நினைவு நாள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் விளக்கை அவர்தான் ஏற்றுவார். இந்த வருஷம் இராக்கம்மா ஏற்றுவாள் என்று ரமேஸ் அறிவித்தான். விஜேந்திரன் வீட்டிலிருந்து இரண்டு மண் சிட்டி விளக்குகளைக் கொண்டுவந்து, அவள் ஏற்றிய பிறகு நினைவுக் கல்லின் ஓரத்தில் ஏற்றி வைத்தார்.

ரமேஸ் மைக்கை அவர் முன்னால் நீட்டினான். “சனத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுருங்கண்ணே. பெருசா ஒண்ணும் வேணாம். அது கேவலமான படம், நான் சிரிச்சது தப்புன்னு சொல்லுங்க. போதும்.”

விஜேந்திரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கல்லில் வெட்டிய பெயர்களைப் பார்த்தார். சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

“அதுல ஒரு புள்ள வருது. வெள்ளச் சட்ட. கடைசில வருது. நான் அதப் பாக்கத்தான் திரும்பத் திரும்பப் போனேன். மண்ணத் தட்டிக்கிட்டு…”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“டீ இருக்கா?”

முதலில் ஒருவன் சிரித்தான். அடக்கப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். பிறகு அடக்க முடியவில்லை. செத்தவர்களின் பெயர்களுக்கு முன்னால் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அத்தனை பேரும் சிரித்தார்கள். துஷாந்தினி போனைக் கீழே இறக்கவில்லை. ரமேஸ் மைக்கைப் பிடுங்கி, “அமைதி, அமைதி!” என்றான். அவன் உதடும் துடித்தது.

இராக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, விஜேந்திரன் ஏற்றியிருந்த ஒரு விளக்கை ஊதி அணைத்தாள். மற்றதையும் அணைத்தாள். “எங்கக்காவுக்கு நான் வைக்கிறேன். நீ போ,” என்றாள்.

அவர் போனார். அந்த மாதமே தோட்டத்தைவிட்டும் போனார். பசறையில் ஸரூக் முதலாளியின் மொத்த வியாபாரக் கடையில் காவல் வேலை கிடைத்தது. ஸரூக் முதலாளி ஊர்க்கதை எதையும் கேட்கவில்லை. “வெங்காயம் நனையாமப் பாத்துக்கங்க, அது போதும்,” என்றார்.

சில மாதம் கழித்து ரமேஸ் போனில் கூப்பிட்டான்.

“அண்ணே, சொகமா? பழசெல்லாம் மறந்துருங்க. கொழும்புல இருந்து டிவிக்காரங்க வந்திருக்காங்க. மண்சரிவப் பத்தி எடுக்கிறாங்க. பொண்டாட்டி, புள்ள ரெண்டு பேரையும் பறிகொடுத்த ஆளு ஒருத்தர் வேணுமாம். கல்லுக்கு முன்னால நின்னு ரெண்டு நிமிசம் அழுதாப் போதும். வேன் அனுப்புறோம்.”

“இராக்கம்மாவ அழச் சொல்லுங்க.”

“சொன்னோம்ணே. காலையில இருந்து நிக்க வச்சிருக்கோம். கேமராவப் பாத்தா அவங்களுக்கு சிரிப்பு வந்துருது.”

விஜேந்திரன் போனை அணைத்தார். வாசலில் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்துவிடப் போனார்.