அப்பாவுக்கு ஒரு இருக்கை

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்ததும் கெதிவே படியிலேயே நின்றுவிட்டாள். வெள்ளை பஸ். பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: கோடைக்கால ஜூலு மொழி, பண்பாட்டுப் படிப்பு. ஜூலை மாதக் குளிரில் டர்பனே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறது. படிக்க வந்த பிள்ளைகளின் அமெரிக்காவில் கோடையாம், அதனால் இங்கேயும் கோடையாம். அந்தப் படிப்பில் மொழி சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான். பஸ் இங்கே வரக்கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்னவளும் அவள்தான்.

இப்போது மறுபடி சொல்ல முடியாது. அவள் இரண்டு கைகளிலும் காட்டிலந்தைக் கிளை இருந்தது.

பத்து நிமிடம் முன்பு மூன்றாவது மாடியில், சென்ற வருடம் அப்பா உயிர்விட்ட ஜன்னலோரக் கட்டில் பக்கத்தில் அந்தக் கிளையைத் தாழ்த்திப் பிடித்து, "அப்பா, மன்சினி, நான் கெதிவே வந்திருக்கேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டால் கூப்பிட்டதுதான், அப்பாவின் ஆவி கிளையில் ஏறிவிட்டது. சொந்த ஊரான எம்சிங்காவில் வீட்டின் உள்கோடியில், முன்னோர்களின் இடத்தில் கிளையை வைக்கும்வரை அவள் அப்பாவோடு மட்டும்தான் பேசலாம். உயிரோடிருக்கும் யாரிடமாவது ஒரு வார்த்தை விட்டால் அப்பா அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஒரு வருடமாக அம்மாவுக்கு ஒரே கனவு. ஆஸ்பத்திரிச் சட்டையோடு அவர் வேலிக்கு வெளியே நிற்கிறார், யாராவது திறங்களேன் என்கிறார். அம்மா சரியாகத் தூங்கியே மாதக்கணக்காகிறது.

தப்பு கெதிவேயுடையதுதான். நாலாவது வாரம் வகுப்பில் இந்தச் சடங்கை விளக்கும்போது, எங்கள் வீட்டிலும் வருகிற சனிக்கிழமை அப்பாவை அழைத்துவருகிறோம் என்று வாய்விட்டாள். கதவோரம் படிப்பின் மேலாளர் மூஸி செலே நின்றிருந்தான். உள்ளூர்க்காரன், பிறவி ஜூலு. எது எங்கே வலிக்கும் என்று தெரிந்தவன்.

"சனிக்கிழமையா? நம்ம பசங்களையும் கூட்டிட்டுப் போயிரலாமே, கெதிவே."

"அது எங்கப்பா, மூஸி. பாடம் இல்ல."

"சரிம்மா, சரி. கோவிச்சுக்காத" என்று சிரித்துக்கொண்டே போனவன் நேராக ஃபனேலே சித்தப்பாவைப் பிடித்திருக்கிறான். பயணத்தில் அவளுக்காகப் பேசவும், ஆள் சேர்த்து ஏற்றும் வேன் டாக்சிக்காரனுக்குக் காசு கொடுக்கவும் குடும்பம் அனுப்பிய ஆள் சித்தப்பா. மனுஷனுடைய விலை இரண்டு பெட்டி பீர். அந்தப் பெட்டிகள் பஸ்ஸின் பின்சீட்டில் அவரோடு ஜம்மென்று ஏறிக்கொண்டன.

"டாக்சின்னா நெரிசல்மா. இதுல காலை நீட்டிட்டுப் போலாம். உங்கப்பனுக்கும் சுகமா இருக்கும்" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அப்பாவை உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார நினைத்தாள். கிளையை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு அவள் சால்வையைச் சரிசெய்து திரும்புவதற்குள், ட்ரெவர் என்ற நெட்டைப் பையன் கிளையை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு அங்கே உட்கார்ந்துவிட்டான்.

"வணக்கம் ஆசிரியை அவர்களே. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றான், அவள் சொல்லிக்கொடுத்த ஜூலுவில், ஒரு எழுத்துப் பிசகாமல். அவள் பேசாததைக் கண்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். சிரித்தான். சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான். ஆரஞ்சுப் பொடி ஒட்டிய விரலால் முள் எவ்வளவு கூர் என்று தொட்டுப் பார்த்தான். வினிகர் நெடி அவள் தொண்டைவரை ஏறியது. பக்கத்து இருக்கையில் மடியில் கிளையோடு உட்கார்ந்து, முள்ளில் ஒட்டிய பொடியைச் சால்வை நுனியால் துடைத்தாள்.

"அப்பா, வண்டி கிளம்புது" என்று கிளையிடம் மெதுவாகச் சொன்னாள். பேச்சு கேட்டதும் ஏழெட்டுப் போன்கள் எழுந்தன.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் மூஸி மைக்கைக் கையில் எடுத்தான். "இவங்க இப்ப யாருக்கும் பதில் சொல்ல மாட்டாங்க. பாக்குறீங்களா? கெதிவே, டீ வேணுமா? சம்பளத்தை ரெண்டு மடங்காக்கட்டுமா? சரி, பஸ்ஸுல பாம்பு இருக்கு!" பஸ் முழுக்கச் சிரிப்பு. பிறகு பிள்ளைகளும் ஆளாளுக்கு முயன்றார்கள். ஒருவன் கோழி மாதிரி கத்தினான். ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். மேரிபெத் என்ற பெண் மட்டும் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பின்னால் ஏப்பம் விட்டார்.

கெதிவே பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழுகிப்போன எதையோ தெரியாமல் மென்றுவிட்ட மாதிரி வாய் பூராவும் கசந்தது, துப்ப இடமில்லை.

கிரேடவுன் பெட்ரோல் பங்கில் வேறு வழியில்லாமல் கிளையோடு இறங்கி கழிப்பறைக்குப் போய்வந்தாள். திரும்பி வரும்போது படிக்கட்டுக்கு எதிரே போன்களோடு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவள் ஏறினாள். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று மூஸி அவள் முழங்கையைப் பிடித்து இறக்கினான். "நிழல் விழுந்துருச்சு. இன்னொரு தடவை அங்கேர்ந்து நடந்து வா. வெளிச்சம் அருமையா இருக்கு." அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டான்.

"ஏறி எறங்கினா என்னம்மா, தேஞ்சா போயிடுவ?" என்றார் சித்தப்பா ஜன்னல் வழியே.

அப்பாவைச் சந்தையில் ஆட்டை நடத்திக் காட்டுகிற மாதிரி நடத்தினாள். பஸ்ஸை விட்டுவிட்டு ஓடலாம் என்றிருந்தது. ஆனால் கையில் காசில்லை. வாயில் பேச்சில்லை. அம்மாவோ சடங்குக்கு அறுக்கிற ஆட்டைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பாள். அப்பா, பொறுத்துக்கோங்க என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

மதியம் துகேலா ஆறு வந்தது. அக்கரையில் டாக்சி ஸ்டாண்ட், அங்கிருந்து வீடு கால்மணி நேரம். பாலத்துக்கு முன்னால் மூஸி பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னான்.

"இதுதான் முக்கியமான இடம். ஆத்தைத் தாண்டறப்ப செத்தவங்ககிட்ட சொல்லணும். இல்லன்னா அவங்க இக்கரையிலேயே நின்னுடுவாங்க. இப்ப சொல்லுவாங்க, கேளுங்க." சொல்லிவிட்டு மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். "சொல்லும்மா."

கெதிவே எழுந்து நின்றாள். கண்ணைக் கிளையிலிருந்து எடுக்கவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, இந்த நாலு வாரத்தில் தான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளாகவே பொறுக்கியெடுத்துப் பேசினாள். பஸ்ஸின் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னது.

"அப்பா. மன்சினி. இது துகேலா ஆறு. நாம தாண்டப் போறோம், பயப்படாதீங்க. உங்க சீட்டுல ஒரு பையன் உக்காந்து சிப்ஸ் திங்கிறான். அவனுக்கு வாத்தியார் நான்தான். அவன் மறந்துட்டான், மன்னிச்சிருங்க. பின்னாடி உங்க தம்பி இருக்காரு. ரெண்டு பெட்டி பீருக்கு உங்களை வித்துட்டாரு. அதை நாம வீட்டுல பேசிக்கலாம்."

பின்சீட்டில் பாட்டில் ஒன்று உருண்டது. மூஸி மைக்கை இழுக்கப் பார்த்தான். அவள் ஒரு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அருவருப்பா இருக்குப்பா. இவங்க நடுவுல உங்களைக் கூட்டிட்டு வந்ததுக்கு எனக்கு என்னையே பிடிக்கல. முன்னாடி நிக்கிறானே, இவன் செலே வீட்டுப் பையன். இவனுக்கும் ஒரு அப்பா இருந்தாரு. ஜோஹானஸ்பர்க் ஆஸ்பத்திரியில செத்தாரு. ஆறு வருஷம் ஆச்சு. கிளையை எடுத்துட்டுப் போய் யாரும் அவரைக் கூப்பிடல. அவர் இன்னும் அங்கதான் நிக்கிறாரு. நீங்க எங்கயாவது பாத்தா சொல்லுங்க. உங்க பையன் நல்லா இருக்கான், அடுத்தவங்க அப்பாவை வெச்சு வேடிக்கை காட்டிட்டிருக்கான்னு சொல்லுங்க."

அதைப் போன வருடப் படிப்பின் கடைசி நாள் விருந்தில், குடித்துவிட்டு அவள் தோளில் விழுந்து அழுதபடி அவனே சொன்னான். வெளியே சொல்லக் கூடாத விஷயம்தான். ஆனால் அவள் உயிரோடிருக்கிற யாரிடமும் சொல்லவில்லையே.

பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மேரிபெத் மட்டும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கோத்து, மரியாதையாக, பாடப்புத்தக ஜூலுவில் கேட்டாள்:

"மூஸி ஐயா, தங்கள் தந்தையார் இன்னும் ஜோஹானஸ்பர்கில் நின்றுகொண்டிருக்கிறாரா?"

மூஸியின் முகம் சாம்பலாகிவிட்டது. அவன் மூச்சு மைக்கில் கேட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் அழுதுவிடுவான் என்று கெதிவே நினைத்தாள். அழுதிருந்தால் மன்னித்திருப்பாள். அவன் பிள்ளைகள் பக்கம் திரும்பினான், ஆங்கிலத்தில் கேட்டான்:

"அது ரெக்கார்ட் ஆச்சா? சத்தம் நல்லா விழுந்துச்சா?"

ட்ரெவர் எழுந்து, ஜன்னலோர இருக்கையில் சிந்திய துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டி அள்ளினான். நேரம் கடந்து வந்த புத்தி.

"அப்பா, இறங்கிடலாம்" என்றாள் கெதிவே. "திரும்பிப் பாக்காதீங்க. அங்க பாக்க ஒண்ணும் இல்ல."

பாலத்தை நடந்தே தாண்டினாள். நடுப்பாலத்தில் நின்று, இதுதான் ஆறு, தாண்டிட்டோம் என்று மறுபடி ஒருமுறை நிதானமாகச் சொன்னாள், இந்த முறை அவருக்கு மட்டும். ஸ்டாண்டில் டாக்சிக்காரன் கிளையைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமல் எழுந்து பின்னால் போனார்கள். சித்தப்பா மூச்சிரைக்க ஓடிவந்து கதவைப் பிடித்தார். பீர் பெட்டிகளைக் காணோம்.

"எத்தனை பேரு?" என்றான் டாக்சிக்காரன்.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே, "மூணு" என்றார். "எங்க அண்ணனும் வர்றாரு."

வீட்டில் வேலிக்கதவு அகலத் திறந்திருந்தது. கெதிவே யாரையும் பார்க்காமல் உள்ளே போய், உள்கோடியில் கிளையை வைத்து, "வந்துட்டோம்பா. இதுதான் உங்க வீடு" என்றாள். வெளியே ஆடு கத்தியது. அம்மா நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள்.

"வந்துட்டாராடி?"

"வந்துட்டாரும்மா."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வழியெல்லாம் நல்லபடியா இருந்துச்சா? யாரோட வந்தீங்க?" என்று கேட்டாள்.

கெதிவே வாசல்பக்கம் திரும்பினாள். வாயில் அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

"முதல்ல வாய் கொப்பளிக்கத் தண்ணி குடும்மா" என்றாள்.