மேற்குச் சுவர் மூட்டைகள்

புயலா அடித்தது? பூகம்பமா வந்தது? ஒன்றுமில்லை. ஐப்பசியில் விடாமல் பெய்த மழைக்கே மல்லாங்கிணறு பக்கத்திலிருந்த அனுசியாவின் மண்வீடு பின்சுவரோடு உட்கார்ந்துவிட்டது. சுவர் விழுந்த இடத்துக்கு ஒரு கை தள்ளித்தான் சின்ன மகள் படுத்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. பாலவனத்தத்தில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலும் "அம்மா, செவரும்மா!" என்று தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை பயமில்லாமல் படுத்துத் தூங்க ஒரு வீடு. அனுசியாவுக்கு அதற்குமேல் எந்த ஆசையும் இல்லை.

செங்கல் வைத்துக் கட்ட வக்கில்லை. புருசன் செல்வக்குமார் லோடு வண்டி ஓட்டுகிறவன். இவள் அருப்புக்கோட்டையில் துணி தைக்கிற கம்பெனியில் மிஷின் மிதிக்கிறவள். இருக்கிற காசுக்கு ரெடிமேட் வீடுதான் தோது என்றார்கள். சுவரையும் கூரையையும் பட்டறையிலேயே செய்து, லாரியில் ஏற்றி வந்து, பேஸ்மட்டத்தின் மேல் நிறுத்தி மாட்டிவிடுவார்களாம். கேட்கக் கேட்க அனுசியாவுக்கு வாயெல்லாம் பல்.

கம்பெனியில் பக்கத்து மிஷின் சௌந்தரத்துக்கு இவளைவிடச் சந்தோசம். பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். மாமியார் வீட்டில் அடுப்படியை ஒட்டின மூலையில் காலம் தள்ளுகிறவள். "நீ மொத கட்டுக்கா. நல்லா இருக்குன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், கண்ண மூடிக்கிட்டு நானும் கட்டிருவேன்" என்பாள்.

முதலில் பார்த்தது வீரபத்திரனை. அருப்புக்கோட்டைக்கு வெளியே பெரிய பட்டறை வைத்திருந்தார். காதில் போனை வைத்தபடியே பேசினார்.

"எடம் எங்க? மேக்க மரம் மட்டை எதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல சார். வெட்ட வெளி. கரிச மண்ணு" என்றான் செல்வக்குமார்.

"அப்ப பேஸ்மட்டத்துக்குள்ள ஆழமாக் கம்பி விட்டுத்தான் வீட்ட இறுக்கணும். அதுக்குத் தனி ரேட்டு. முடிஞ்சாச் செய்ங்க, இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

அவர் சொன்னது அனுசியாவின் காதில் ஏறவில்லை. உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்துப் பேசியதுதான் ஏறியது. "என்ன திமிரு பாத்தீகளா" என்று பஸ் ஏறுகிறவரை பொருமிக்கொண்டே வந்தாள்.

அடுத்தது காசிராஜன். அவன் இவர்களைத் தேடி வாடகை வீட்டுக்கே வந்தான். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வந்திருந்தான். வாய்க்கு வாய் தங்கச்சி. வீரபத்திரன் சொன்ன ரேட்டில் பாதிதான் கேட்டான்.

"நான் சொல்றத நம்பாதீங்க தங்கச்சி. நான் மாட்டிக் குடுத்த வீட்டப் போய்ப் பாருங்க. பரளச்சியில ஒங்க அக்கா முனீஸ்வரி வீடு நம்ம வேலைதான? ரெண்டாளும் போயி நல்லா விசாரிங்க."

முனீஸ்வரி அனுசியாவின் பெரியம்மா மகள். ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அக்கா வீடு என்றதுமே பாதி முடிவு ஆகிவிட்டது.

பங்குனி வெயிலில் பரளச்சிக்குப் போய் இறங்கினார்கள். வீடு பளபளவென்று இருந்தது. முனீஸ்வரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே பேசினாள். கூடத்தில் மேற்குச் சுவர் நெடுகவும் நெஞ்சு உயரத்துக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"என்னக்கா, நடுவீட்டுல மூட்டைய அடுக்கி வச்சிருக்க?"

"கொத்தமல்லிடி. இந்த வருச வெள்ளாம. வெல ஏறட்டும்னு ஒங்க மச்சான் அடுக்கி வச்சிருக்காக."

அனுசியா மல்லிக் காட்டில் வளர்ந்தவள். புது மல்லி ஒரு மூட்டை இருந்தாலே தலையணை மணக்கும், குடிக்கிற தண்ணீர் மணக்கும். இங்கே இத்தனை மூட்டை இருந்தும் புதுப் பெயின்ட் வாடைதான் அடித்தது.

"வாசமே வரலையேக்கா?"

முனீஸ்வரியின் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. "உள்ள பாலித்தீன் பை போட்டுக் கட்டியிருக்குடி. இல்லன்னா பூச்சி விழுந்துருமே. வா, காபி ஆறுது."

அவ்வளவுதான். அனுசியா கேட்டாளே தவிர, மூட்டையில் ஒரு விரலை விட்டுப் பார்க்கவில்லை. அக்கா வீட்டு மூட்டையைக் குத்திப் பார்க்கிற வழக்கம் நம் பக்கம் யாருக்கு இருக்கிறது? பார்த்தால் அப்புறம் உறவு என்று எதைச் சொல்வது?

முனீஸ்வரியின் புருசன் தங்கபாண்டி வெளியே வேப்பமர நிழலிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வீடு எப்படிண்ணே?" என்று செல்வக்குமார் கேட்டதற்கு, "ஒங்க மதினிட்டயே கேட்டுக்கப்பா" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் செல்வக்குமார், "அவரு ஏன் மூஞ்சி குடுத்துப் பேசல?" என்றான். "அந்த மச்சான் எப்பவும் அப்படித்தான்" என்று அனுசியா வாயை அடைத்துவிட்டாள். மறுநாளே காசிராஜன் கையில் அட்வான்ஸ் போனது.

வைகாசியில் பழைய வீடு இருந்த இடத்துக்கே லாரி வந்தது. சொன்னபடி சொன்ன நாளில் வீடு நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பால் காய்ச்சிக் குடி போனார்கள். சின்னவள் முதல் ராத்திரியே அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அனுசியா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு லீவில் இருந்த சௌந்தரத்துக்குப் போனில் போட்டோவாக அனுப்பித் தள்ளினாள்.

ஆனி கடைசியில் காற்று கிளம்பியது. இந்தக் காட்டு வெளியில் மேற்கேயிருந்து வருகிற காற்றுக்குத் தடுப்பு ஏது? உச்சி வெயிலில் அனுசியா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. எலியாக இருக்கும் என்று திரும்பினாள். எலி இல்லை. பெருங்காற்று ஒன்று வந்து மோத, மேற்குச் சுவர் மெதுவாக மேலே எழும்பியது. தரைக்கும் சுவருக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம் தெரிந்தது. பிறகு சுவர் டங்கென்று இறங்கியது. அதற்கு நேரே பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சின்னவள் பென்சிலைக் கீழே போட்டாள்.

"அம்மா, செவரும்மா."

இந்தத் தடவை பிள்ளை முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

காசிராஜன் போனை எடுத்தான். குரலில் அதே தேன். "காத்துன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும் தங்கச்சி. கம்பி விட்டு இறுக்கிட்டா கல்லு மாதிரி நிக்கும். செஞ்சு தாரேன். ஆனா எனக்கும் கையில வேல வேணும்ல? ஒங்க பக்கம் ஒரு பார்ட்டி சொல்லி விடுங்க. அட்வான்ஸு விழுந்த மறுநாளே என் ஆளுக ஒங்க வீட்டுல நிப்பாங்க. அதுவரைக்கும் மேக்குச் செவத்துல வெயிட்டு வைங்க. எப்படின்னு ஒங்க அக்காட்ட கேளுங்க."

அனுசியா போனைக் கட் பண்ணினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் பரளச்சிக்குப் போனாள். முனீஸ்வரி வீட்டுக் கூடம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ஒரு மூட்டை இல்லை. சுவரின் அடியில் கட்டைவிரல் தண்டிக்கு போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. சுற்றிப் புதுச் சிமெண்டு பூசியிருந்தது.

"மல்லியெல்லாம் வித்தாச்சாக்கா?"

முனீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மல்லி இல்லடி. மண்ணு. அம்புட்டும் கரிச மண்ணு. போன ஆடிக் காத்துல செவரு கூரையோட தூக்கிருச்சு. அந்தப் பாவி ஒரு ஆளக் கூட்டிட்டு வா, இறுக்கித் தாரேன்னான். நீ அட்வான்ஸு குடுத்த மறுநா வந்து இறுக்கிட்டுப் போனான்."

"அடிப் பாவி! எம்புள்ளைகள எமன்கிட்ட அனுப்பிட்டா ஒன் செவர இறுக்குன?"

"நானும் புள்ளக்காரிதானடி. நான் என்ன செய்ய?"

"நீ நல்லா இருப்பியா? ஒன் வாசல்ல இனி நான் மிதிச்சேனா என்னன்னு கேளு!" கொடுத்த தண்ணீரைத் தொடாமல் திரும்பினாள். வழியெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வீரபத்திரனிடம் போய் நின்றாள். "அடுத்தவன் மாட்டுன வீட்டுல நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனைக் காதுக்குக் கொடுத்தார். போலீசுக்குப் போவோம் என்றான் செல்வக்குமார். போய் நியாயம் கேட்டு வருகிறவரை காற்று பொறுத்திருக்குமா? வேறு வழியில்லாமல் புருசனும் பெண்டாட்டியும் காட்டு மண்ணை வெட்டிச் சாக்கில் நிரப்பிச் சுவரோடு சேர்ந்து அடியில் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தகட்டின் மேல் அடுக்கினார்கள். அப்படியும் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சின்னவள் பகலில்கூட வீட்டுக்குள் இருக்க மாட்டேன் என்று படியிலேயே குந்திக்கொண்டிருந்தாள். காற்றும் நாளுக்கு நாள் வலுத்தது.

அப்போதுதான் சௌந்தரம் போன் செய்தாள். "அக்கா, பாப்பா பொறந்து ஒடம்பும் தேறிருச்சு. ஒங்க வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு அட்வான்ஸு குடுத்துரலாம்னு அவுக சொல்றாக."

அனுசியா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். படியில் குந்தியிருந்த மகளின் முதுகு தெரிந்தது. "வா, வந்து பாரு" என்றாள்.

காசிராஜனுக்குப் போனில் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் மல்லாங்கிணறு கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தாள். இரண்டு கை அள்ளி அம்மியில் லேசாக நுணுக்கினாள். மேல்வரிசைச் சாக்குகளின் வாயை அவிழ்த்து, மண்ணின் மேல் காகிதத்தை விரித்து, மல்லியைக் கொட்டிப் பரத்தினாள். வீடு மணந்தது. அன்றைக்கு அக்கா வீட்டில் தன்னைத் தடுத்திருக்க வேண்டியது எது என்று அவளுக்குத்தானே தெரியும்! அந்த ஓட்டையை வாசத்தால் அடைத்துவிட்டாள். செல்வக்குமார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காற்று கிளம்பும் முன்னே, விடிந்ததும் காசிராஜன் தன் காரில் சௌந்தரத்தைக் கூட்டி வந்தான். கூட அவள் புருசன் மாரிசெல்வம். சௌந்தரத்தின் தோளில் கைக்குழந்தை. செல்வக்குமார் அவசர லோடு என்று வண்டியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான்.

"அடேயப்பா, உள்ள வரும்போதே மல்லி வாசம்! வீடுன்னா இப்படி இருக்கணும்க்கா" என்றாள் சௌந்தரம். மூட்டைமேல் குழந்தையைப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் பயமில்லையேக்கா? காத்து மழைக்குத் தாங்கும்ல?"

அனுசியாவுக்கு நாக்குக் கூசியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காசிராஜன் சுவரோரம் குனிந்து, எங்கே துளை போட வேண்டும் என்று பார்க்கிறவன் போல விரலால் தட்டினான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நிம்மதியா இருக்கலாம்டி. யோசிக்காமக் குடு" என்றாள் அனுசியா.

சௌந்தரம் நான்கு மல்லியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "நல்ல மல்லிக்கா. எங்க வீட்டுக்குக் கொஞ்சம் தாயேன்." சாக்குக்குள் கையை விடப் போனாள்.

"நீ இரு, புள்ளையப் புடி. நான் அள்ளித் தாரேன்."

அனுசியா அவளை விலக்கிவிட்டு முன்னால் வந்து மறைத்து நின்றாள். பரத்தியதையெல்லாம் காகிதத்தோடு வழித்தெடுத்துச் சௌந்தரத்தின் முந்தானையில் கொட்டினாள். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, "நீ நல்லா இருப்பக்கா" என்றாள். அட்வான்ஸ் கொடுக்கக் கார் விருதுநகர் பக்கம் கிளம்பிப் போனது.

வீட்டில் வாசம் குறைந்துகொண்டே வந்தது. வாய் திறந்து கிடந்த சாக்குகளில் கரிசல் மண் தெரிந்தது. அலமாரியில் ஒரு டம்ளர் மெல்லக் கிணுகிணுத்தது. அனுசியா ஓடிப்போய்ச் சாக்குகளின் வாயைக் கட்டினாள். பிறகு தன் கனமும் சேரட்டும் என்று மூட்டைமேல் ஏறி, மேற்குச் சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.