நன்றிக்கு ஜன்னல் இல்லை

மனிதனை மாடுகளிடமிருந்து பிரித்து உயர்த்திக் காட்டும் பண்பு நன்றியுணர்வு. ஆனால் நிவாரண அலுவலகத்தில் அதைச் செலுத்த ஒரு ஜன்னல் இல்லை. மனு கொடுக்க ஒன்று, குறை சொல்ல ஒன்று. இன்னொன்று எப்போதும் பூட்டியே கிடக்கும். மாட்டுக்காரர் மூன்றையும் பார்த்துவிட்டு, பூட்டியிருந்ததன் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். தனக்கானது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளம் அவருடைய தொழுவத்தை மாடுகளோடு துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. நிவாரணப் பணம் வரவே வராது என்று ஊரே அடித்துச் சொன்னது. ஆனால் வந்துவிட்டது. அதில் இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். காலையில் பாத்திரத்தில் பால் பீய்ச்சும் சத்தம் வீட்டில் மறுபடி கேட்ட அன்று, யாரிடமாவது நன்றி சொல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லிப் பழகாத வார்த்தை அது.

“தூங்குற பைலை யாராச்சும் போய்த் தட்டி எழுப்புவாங்களா? பேசாம இருங்க,” என்றாள் அவள். “திரும்பக் கணக்குப் பார்க்கறேன்னு பணத்தைக் கேட்டா, மாட்டை வித்தா கட்டுவீங்க?”

குறை ஜன்னலில் இருந்தவர் அவரை உள்ளே அதிகாரியிடம் அனுப்பினார்.

“என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லைங்க. பணம் வந்திருச்சு. அதான்...”

“குறை இல்லாம இவ்வளவு தூரம் வருவீங்களா? கூட ஏதும் வந்துடுச்சா?”

நன்றி சொல்ல வந்த ஆளை அதிகாரி தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. காணாத எதையும் அவர் சந்தேகிப்பார். கோப்பை வரவழைத்துப் புரட்டத் தொடங்கினார். பக்கம் புரளப் புரள மாட்டுக்காரருக்கு இரண்டு மாடுகளும் தாமாகவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

“செத்ததுல பாதிக்குப் படமே இல்லையே?”

“வெள்ளம் அடிச்சிட்டுப் போறப்ப மாடு நின்னு போஸ் கொடுக்குமா சார்?” என்றபடி மாட்டு டாக்டரம்மா உள்ளே வந்தார். ஏதோ கையெழுத்துக்காக வெளியே காத்திருந்தவர். “செத்த மாடு ஒதுங்கின இடத்துக்கெல்லாம் நானே போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். இடுப்பளவு சேறு. என் செருப்பு இன்னும் அங்கதான் கிடக்கு. வேணும்னா அதுக்கும் படம் கேளுங்க.”

அதிகாரி கோப்பை மூடினார். மூடியதும் அவருக்குள் அரசாங்கம் விழித்துக்கொண்டது. இடர் வேளையில் ஏழையின் கண்ணீரைத் துடைக்க நீளும் கரங்களைப் பற்றி எழுந்து நின்று பேசினார். பேச்சுக்கு நடுவே தலையை வாரிக்கொண்டார்.

“இதை ஒரு படம் எடுத்துடுவோம். டாக்டர், நீங்களே எடுங்க. இந்தாங்க என் போன்.”

மாட்டுக்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“புது மாடு ரெண்டும் நல்லா சாணி போடுதுங்க,” என்றார்.

“தண்ணியாவா, கெட்டியாவா?” டாக்டரம்மா போனைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

“கெட்டியாதாங்க.”

“அப்ப ஒரு கவலையும் இல்லை. இங்க பாருங்க.”

அவர் பார்த்தார்.

அந்தப் படம் இப்போது அலுவலக வாசலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ‘நன்றி நவிலும் பயனாளி’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதிகாரி கை கொடுத்துக்கொண்டிருக்க, மாட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பாமல் நேர் எதிரே பார்த்து, கண் கலங்கி, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அதிகாரியின் கண்கள் மூடியிருக்கின்றன.