ஒருத்தி வாயில் மட்டும் எரிந்த மிளகாய்

சின்னவள் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் மிளகாய் இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒருத்தியின் வாயில் மட்டும்தான் எரிகிறது. மற்றவர்களுக்கு அது வெள்ளரிப்பிஞ்சு மாதிரி. தெருமுனை மருந்துக்கடைக்காரர் நாலு பேர் பார்க்க ஆறு மிளகாயை மென்று தின்றுவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் கடை திறக்கப் போனார். எரிவது சின்னவளின் அக்காவுக்கு. அவளைப் பெரியவள் என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

அப்போது பெரியவளுக்குத் தபால் ஆபீஸில் உத்தியோகம், புருஷன் உண்டு, பிள்ளை இல்லை. சின்னவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கைக்குழந்தைகளாக இரண்டு பையன்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த புருஷன், வயிற்றில் மூன்றாவது. அது பெண்ணாகப் பிறந்தது. மூன்றாம் வாரம் அதைத் துணியில் சுற்றிச் சுவருக்கு மேலாக நீட்டினாள், அக்கா வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பேசிக்கொண்டது ஒன்றே ஒன்று: பத்து வயது முடிந்ததும் பெற்றவள் யாரென்று பெரியவளே பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். அடுத்த வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டார்கள்.

பெண்ணுக்குப் பத்து முடிந்தது. அந்த வாரம் போயிற்று, மாதமும் போயிற்று. பெரியவள் சொல்லவில்லை. சின்னவளே சொல்லியிருக்கலாம், ஆனால், ‘ஏன் என்னை மட்டும் கொடுத்தீங்க?’ என்று பெண் கேட்டுவிட்டால் சொல்லப் பதில் இல்லை. அந்த வருஷம்தான் சின்னவள் மிளகாய் போட்டாள். வற்றலை உதிர்த்து விதை எடுத்து ஊறவைத்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சோப்புத்தூள் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினாள். ஆறு இலை வந்ததும் நாற்றைப் பிரித்து வாளிக்கு ஒன்றாக நட்டாள். முதல் பூவைக் கிள்ளினால்தான் செடி கிளை விடும் என்று யாரோ சொல்ல, கிள்ளி எறிந்தாள். இலை சுருண்டபோது சோப்புத் தண்ணீர் தெளித்தாள். விரல் நீளத்துக்கு, எண்ணெய் தடவியதுபோல மினுமினுவென்று காய்த்தது.

முதல் பறிப்பில் ஒரு கிண்ணம் சுவர் தாண்டிப் போயிற்று. பெண் பச்சையாகவே கடித்துத் தின்று இன்னும் வேண்டும் என்றாள். பெரியவள் ஒன்றைக் கடித்தாள். நாக்கு வெந்து, உதடு தடித்து, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வாயில் புண் எதுவும் இல்லை என்றார். கடை மிளகாய் அவளை ஒன்றும் செய்யவில்லை. தின்னாமல் விட்டால் தீர்ந்தது. ஆனால் எல்லாரும் தின்பதை அவள் மட்டும் ஒதுக்கினால் பெண் ஏனென்று கேட்பாள். அதனால் தின்றாள்.

எரிவது அக்காவுக்கு மட்டும்தான் என்பது சின்னவளுக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. பிடிபட்ட பிறகு அவள் செடிகளை முன்னைவிட நன்றாகக் கவனித்தாள் என்பதை மறைக்க முடியாது. நாலு வாளி பதினாறு ஆயின. மாசம் தப்பாமல் கிண்ணம் போயிற்று.

பெண்ணுக்குப் பதினாறு வயதானபோது ஒருநாள், பெரியவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவள் சுவரோரம் வந்து நின்றாள்.

“சொல்லிடுக்கா. சொல்லிட்டா எரியாது. உனக்கே தெரியும்.”

பெரியவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். “எரியட்டும். எரிச்சல் எனக்குப் பழகிடுச்சு. அவ வாயால பெரியம்மான்னு கேட்டா, அது பழகாதுடி.”

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சித்தி என்று கேட்டுக்கொண்டிருப்பவள் சின்னவள். அது உனக்குப் பழகிவிட்டதா என்று அக்கா கேட்கவில்லை. அன்று சாயங்காலமே சின்னவள் பதினாறு செடியையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டாள். வாரம் திரும்புவதற்குள் வாளிகளில் செடிகள் தாமாக முளைத்து, பூவும் பிஞ்சுமாக நின்றன. அவள் மறுபடி பிடுங்கவில்லை, தண்ணீர் ஊற்றினாள்.

பெண் படித்து முடித்தாள். கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனாள். டாக்ஸி காத்திருக்க, பெரியவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சின்னவளின் கையைப் பிடித்து, “அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க சித்தி. உங்களை விட்டா அவங்களுக்குக் கூடப்பொறந்தவங்க யாரு?” என்றாள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் டாக்ஸியில் ஏற்றிய பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு புருஷன்மார் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பையன்கள் வேலையோடு வேறு ஊர்களுக்குப் போனார்கள். சுவரை இடித்து வழி வைத்தாயிற்று. தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்களிடம், குப்பை வண்டி எப்போது வரும் என்று சொல்லும்போதே இந்த மிளகாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறார்கள். மதியம் அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். சின்னவள் பறித்துவந்து வைப்பாள். பெரியவளுக்கு முகமெல்லாம் வேர்த்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். சின்னவள் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பெண்ணின் போன் வரும். பெரியவள் தடித்த நாக்கோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, “இரும்மா, சித்திகிட்ட ஒரு வார்த்தை பேசிடு” என்று போனைத் தங்கையிடம் நீட்டுவாள். நீட்டிவிட்டு இன்னொரு மிளகாயை எடுத்துக்கொள்வாள்.