கழற்றாமல் விட்ட வயர்

வாப்பா றியாத்தில் மௌத்தாகி மூன்றாம் வாரம்தான் அடக்குவதற்கு அனுமதி கிடைத்தது. ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. வாப்பாவோடு ஒரே அறையில் இருந்த றிம்சான் சாச்சா, வெள்ளைத் துணியில் கபனிட்ட பிறகு முகத்தை மூடுவதற்கு முன் வீடியோ அழைப்பில் உம்மாவுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். படம் பிடித்து வைக்க அங்கே விடமாட்டார்களாம். அந்த ஒரு தடவை பார்த்தால்தான் உண்டு.

கணவனை இழந்தவர் இருக்கவேண்டிய இத்தாவில் உம்மா இருந்தார். வாசலைத் தாண்டவோ வெளி ஆண்கள் முன் வரவோ முடியாது. அவருடைய கைபேசியில் சிம் கிடையாது. வீட்டு வைஃபையில்தான் வேலை செய்யும். ஆகவே எல்லாம் அலுமாரிக்கு மேலிருந்த ரவுட்டரை நம்பித்தான்.

அடக்கும் நாளன்று அஸர் தொழுகைக்கு முன்பே கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி முழங்கினால் எங்கள் வீட்டில் முதலில் நிலைக்கண்ணாடிக்குச் சேலை போர்த்துவோம், பிறகு பிளக்குகளை இழுப்போம். உம்மாவின் தம்பி காலிதீன் மாமா கதிரையில் ஏறி ரவுட்டரின் பிளக்கையும் கழற்றினார். றிம்சான் எடுக்க நேரம் இருக்கிறது, மழை விட்டதும் போடலாம் என்றார். பிறகு சுவரிலிருந்து வரும் தொலைபேசி வயரில் கைவைத்தார். ரவுட்டருக்கும் வீட்டுப் போனுக்கும் அந்த ஒரு வயர்தான்.

"அதை விடு தம்பி," என்றார் உம்மா. "அங்க நேரத்த மாத்தினா வீட்டுப் போனுக்குத்தானே எடுத்துச் சொல்லுவாங்க."

கரண்ட் இல்லாத சாமானை மின்னல் என்ன செய்யும் என்று மாமாவும் இறங்கிவிட்டார்.

மின்னல் தெருமூலையில் போன் வயர் வரும் போஸ்டில் விழுந்தது. காது அடைத்துப்போனது. அலுமாரிக்கு மேலே விரல் நொடித்தாற்போல் ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் கருகிய வாடை. மழை தணிந்ததும் மாமா பிளக்கைப் போட்டார். ஒரு லைட்டும் எரியவில்லை. வீட்டுப் போனைக் காதில் வைத்தார். அதிலும் சத்தமில்லை. அவருடைய கைபேசியிலும் கவரேஜ் போயிருந்தது.

எடுத்துப் பேச ஒரு போன் தேடி அவர் நனைந்துகொண்டே கல்முனைப் பக்கம் ஓடினார். உம்மா கைபேசியை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் ஈரம் எதுவும் இல்லை.

மாலை மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த பிறகு மாமா வந்தார். யாருடைய போனிலோ றிம்சான் சாச்சா கிடைத்திருக்கிறார்.

"அடக்கிட்டாங்க ராத்தா," என்றார்.

மறுநாள் மாமா பாண்டிருப்பிலிருந்து வினோஜைக் கூட்டிவந்தார். ரவுட்டர் திருத்துகிறவர். இத்தா வீடு என்பதால் அவர் முற்றத்திலேயே நின்றார். நான் ரவுட்டரை ஜன்னலால் நீட்டினேன். மூக்குக்குக் கிட்டே பிடித்து மோந்துவிட்டுச் சிரித்தார்.

"கரண்டைக் கழட்டிப்போட்டுப் போன் வயரை விட்டிரிக்கீங்க. முன் கதவைப் பூட்டிப்போட்டுக் கள்ளனுக்குப் பின் கதவைத் திறந்து விட்ட மாதிரி. ஆருட மூளை தங்கச்சி இது?"

மாமா மண்ணைப் பார்த்தார்.

"என்ட மூளைதான்," என்றது உம்மாவின் குரல், உள்ளேயிருந்து.

வினோஜ் அதன் பிறகு சிரிக்கவில்லை. போஸ்டில் அறுந்திருந்த லைனைக் காலையில் ஆட்கள் வந்து கட்டியிருந்தார்கள். புதியது வாங்கும்வரை பாவிக்கச் சொல்லித் தன் பையிலிருந்த பழைய ரவுட்டர் ஒன்றைத் தந்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல நான் வயர்களைக் கொழுவினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை லைட் எரிந்தது.

உம்மாவின் மடியில் கைபேசி அதிரத் தொடங்கியது. நேற்று எடுக்கப்படாத அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியில் றிம்சான் சாச்சாவின் குரல் பதிவு ஒன்று. உம்மா அதை அழுத்தினார்.

"மச்சி, போனை எடுங்க. முகத்தத் திறந்து வெச்சிரிக்கி. மூடச் சொல்றாங்க. நான்தான் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நிக்கன். எடுங்க மச்சி."

உம்மா திரும்பவும் அதையே அழுத்தினார்.

லைட் எரியுதா என்று முற்றத்திலிருந்து வினோஜ் கேட்டார்.

"ஓம்," என்றேன்.